காகத்தையும் எழுதிவைப்பது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில ஆண்டுகளாக, காலையில் அரைமணிநேரம் நடக்கும்போது கண்ணில் படும் பறவைகளையும் பூச்சிகளையும் செடிகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருகிறேன். நான் உயிரியல் படித்தவன் அல்ல. ஏட்டைப் புரட்டினால் காகம், மைனா, தவிட்டுக்குருவி, எருக்கு, கிணற்றடிப்பூண்டு என்று அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பறவைநோக்கலில் தேர்ந்த நண்பர் ஒருவர், எல்லோருக்கும் தெரிந்தவற்றை எழுதி என்ன பயன், விடுமுறையில் காட்டுக்குச் சென்று அரியவற்றைத் தேடலாமே என்றார். அதன்பின் எழுதுவதில் ஒரு சோர்வு வந்துவிட்டது. இந்தக் குறிப்புகளால் யாருக்காவது பயன் உண்டா? உண்டென்றால் இவற்றை நான் என்ன செய்யவேண்டும்?

ம.

அன்புள்ள ம.,

அரியவற்றைத் தேடிச் செல்வதில் பெரும் மகிழ்ச்சி உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பதிவு என்று பார்த்தால் அரியவற்றுக்கு உங்கள் உதவி அவ்வளவாகத் தேவைப்படாது. வழிதவறிய பறவை ஒன்று எங்கேனும் வந்து இறங்கினால், மறுநாள் விடியும்போதே அங்கே கேமராக்கள் நிற்கும். அது அமர்ந்த கிளைகூடப் பதிவாகிவிடும். காகத்துக்காக அப்படி யாரும் வருவதில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதனாலேயே யாரும் எழுதாமல் விடும் உயிர்கள் அவை. ஆகவே அவை குறையத் தொடங்கும்போது, எதிலிருந்து குறைந்தன என்று சொல்வதற்கான கணக்கு பெரும்பாலும் எவரிடமும் இருப்பதில்லை.

வெண்முதுகுப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு 1980களில், உலகின் பெரிய இரைகொல்லிப் பறவைகளிலேயே எண்ணிக்கையில் மிகுந்தது அதுவாகத்தான் இருக்கும் என்று கருதப்பட்ட ஒன்று. அதைக் குறிப்பெடுக்கவேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்ற நியாயமில்லை. ஆயினும் பரத்பூரின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் இரைகொல்லிப் பறவைகளை ஆராய்ந்த விபு பிரகாஷ் அவற்றையும் எண்ணி எழுதிவைத்திருந்தார். 1990களின் பிற்பகுதியில் அதே பூங்காவில் அவர் மீண்டும் எண்ணியபோது, முன்பு எழுதிய எண்கள் இருந்ததனால்தான் வீழ்ச்சியின் அளவு ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநீக்கி, அவற்றின் சடலங்களை உண்ட பாறுகளின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்தது என்பது 2004இல் நிறுவப்பட்டு, 2006இல் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்தை இந்தியா தடைசெய்தது. அதற்குள் நூற்றில் ஒன்றுகூட எஞ்சவில்லை. முதல் கணக்கு இல்லாதிருந்தால், முன்பெல்லாம் நிறைய இருந்தன என்று முதியவர்கள் சொல்லும் பேச்சாகவே அது இன்னும் பல ஆண்டுகள் நீடித்திருக்கக்கூடும்.

அவர் தொழில்முறை ஆய்வாளர், நான் அப்படி அல்லவே என்று நீங்கள் கேட்கலாம். ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரப் பூச்சியியல் சங்கம் பெரும்பாலும் ஆர்வலர்களால் ஆனது. இயற்கைக் காப்பிடங்களில் கூடாரம் போன்ற ஒரே வகைப் பொறிகளை ஒரே முறையில் நிறுத்தி, விழுந்த பூச்சிகளை ஆல்கஹாலில் இட்டுப் பாதுகாத்துவந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, தங்களுக்கு விருப்பமான இனங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிடாமல், சாதாரண ஈயும் கொசுவும் உட்பட மொத்தத்தையும் புட்டிகளில் வைத்திருந்ததுதான். 1989 முதல் 27 ஆண்டுகளில் சேர்ந்தவற்றை எடைபோட்டு ஒப்பிட்டபோது, பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்குமேல் குறைந்திருப்பது தெரிந்தது. 2017இல் அந்த ஆய்வு வெளியானபோது உலகமெங்கும் செய்தியாயிற்று. அரிய வண்டுகளை மட்டும் சேகரித்திருந்தால் அவர்களிடம் அழகான பெட்டிகள் இருந்திருக்கும், இந்த எண் இருந்திருக்காது.

இதனால் எந்தக் குறிப்பும் பயன்படும் என்று பொருள்கொள்ளவேண்டாம். ‘இன்று நிறைய மைனாக்கள்’ என்ற வரியால் பின்னால் எவருக்கும் எதுவும் கிடைக்காது. தேதி, இடம், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எத்தனை கண்டீர்கள் ஆகிய நான்கும் வேண்டும். ஐந்தாவதாக ஒன்று உண்டு, உங்கள் நண்பரின் கேள்விக்கு நேரடியான பதில் அதில்தான் இருக்கிறது. அடையாளம் கண்ட அனைத்தையும், காகம் உட்பட, எழுதினீர்களா என்பது அது. முழுப்பட்டியல் எழுதுபவரின் ஏட்டில் ஒரு நாள் தவிட்டுக்குருவி இல்லையென்றால், அந்த அரைமணிநேரத்தில் அவர் அதைக் காணவில்லை என்று பொருள். சுவையானவற்றை மட்டும் எழுதுபவரின் ஏட்டில் அது இல்லையென்றால், பறவை இல்லையா, எழுதுபவருக்கு ஆர்வம் இல்லையா என்று எவராலும் சொல்லமுடியாது. பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களைப் பதிவுசெய்யும் இ-பேர்ட் இணையதளத்தில் ஒவ்வொரு பட்டியலின் முடிவிலும் இதைத் தனிக்கேள்வியாகவே கேட்பது அதனால்தான். நீங்கள் சலிப்புடன் எழுதிய காகங்கள்தான் உங்கள் மற்ற வரிகளுக்கு நம்பகத்தன்மையைத் தருகின்றன.

செடிகளில் பலரும் முதல் பூவின் தேதியைக் குறிக்கிறார்கள். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் 1736இல் இப்படித் தொடங்கிய பருவக் குறிப்புகளை அவர் குடும்பத்தினர் 1958 வரை தொடர்ந்தார்கள், இன்றைய காலநிலை ஆய்வுகளுக்கு அவை பயன்படுகின்றன. ஆனால் முதல் பூ என்பது நீங்கள் எத்தனை முறை பார்க்கச் சென்றீர்கள் என்பதைப் பொறுத்து மாறிவிடக்கூடியது. ஒரே எருக்கஞ்செடியை வாரம் ஒருமுறை பார்த்து, மொட்டு, பூ, காய் ஆகியவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று எழுதுவது இன்னும் உறுதியான பதிவு. ‘பூ இல்லை’ என்ற வரியும் அதில் ஒரு தகவலே. பெயர் தெரியாத செடியைத் தெரியாதது என்றே குறித்து, ஒரு படம் எடுத்துவையுங்கள். ஊகித்த பெயரைவிட அது பலமடங்கு மேலானது.

காட்டுக்கும் போய்வாருங்கள், நடைபாதையை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். பாதையையோ நேரத்தையோ மாற்ற நேர்ந்தால் மாற்றிய தேதியை ஏட்டில் எழுதுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வழி மாறியதைப் பின்னால் வருபவர் பறவைகள் மாறியதாக எடுத்துக்கொள்வார்.

இருக்கும் ஏடுகளை முதலில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமித்துவிடுங்கள். தேதியும் இடமும் தெளிவாக உள்ள பறவைக் குறிப்புகளை இ-பேர்டிலும், படம் உள்ள செடிகளையும் பூச்சிகளையும், எல்லா உயிர்களையும் படத்துடன் பதிவுசெய்யும் தளமான ஐநேச்சுரலிஸ்ட்டிலும் ஏற்றலாம். அவசரமில்லை, மாதத்துக்குச் சில பக்கங்கள் போதும். ஏற்றும்போது நினைவிலிருந்து எதையும் சேர்க்கவேண்டாம். பழைய பக்கத்தில் ஒரு பெயர் பிழை என்று இப்போது தோன்றினால், அதை அடிக்காமல், திருத்தத்தை இன்றைய தேதியுடன் ஓரத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்