விந்தணுவின் புரதமும் புரத மாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெரம்பூரில் வசிக்கிறேன், வயது 33. திருமணமாகி மூன்று ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. மனைவிக்கு எல்லாப் பரிசோதனைகளும் முடிந்த பிறகு, சென்ற வாரம்தான் எனக்கு விந்துப் பரிசோதனை செய்தார்கள். எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 4 கோடி. ஆனால் அசையும் அணுக்கள் 31 சதவீதம்தான். டெங்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. மாதிரியை வீட்டில் எடுத்து ஆட்டோவில் கொண்டுபோனேன். நெரிசலில் ஒன்றரை மணி நேரமாகிவிட்டது. விந்தணுப் புரதங்களில் ஏற்படும் மாற்றத்துக்கும் விந்தின் தரத்துக்கும் தொடர்பு உண்டு என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் புரதக் குறைபாடா? ஜிம் நண்பர் சொல்வதுபோல் புரத மாவு குடிக்கலாமா? அந்தப் புரத மாற்றத்தை அளக்கும் பரிசோதனையைச் சென்னையில் எங்கே செய்வார்கள்? பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

நான் எழுதிய புரத மாற்றம் உணவுப் புரதத்தைப் பற்றியதன்று. அதை அப்போதே விளக்கியிருக்க வேண்டும். ஒரு செல் தன் புரதத்தைச் செய்து முடித்த பிறகு, அதன்மேல் பாஸ்பேட் போன்ற ஒரு சிறு வேதிப்பகுதியோ, மற்றொரு சிறிய புரதமோ ஒட்டவைக்கப்படுகிறது. தேவை முடிந்ததும் பிரித்தெடுக்கவும் படுகிறது. இதனால் அந்தப் புரதம் வேலையைத் தொடங்கலாம், நிறுத்தலாம், செல்லுக்குள் இடம் மாறலாம். புரத மாவு இதைச் சீர்செய்யாது. ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் அல்லது ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அவை விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியவை.

இந்த மாற்றங்கள் விந்தணுவில் தனி முக்கியத்துவம் பெறுவதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற செல்களில் டிஎன்ஏ எவற்றின்மேல் சுற்றப்பட்டிருக்கிறதோ அந்த ஹிஸ்டோன் என்னும் புரதங்களில் பெரும்பகுதி இங்கே நீக்கப்பட்டு, புரோட்டமின் என்னும் புரதம் அதை மிக இறுக்கமாகக் கட்டிவைக்கிறது. மரபணுக்கள் ஏறக்குறைய மௌனமாகிவிடுகின்றன. கட்டுச்சோற்றோடு புறப்பட்டவர் வழியில் உலை வைக்க முடியாததுபோல, முதிர்ந்த விந்தணுவும் கையிலிருக்கும் புரதங்களைக் கொண்டே பயணத்தை முடிக்க வேண்டும். பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்த பிறகே விந்தணு கருவுறச் செய்யும் திறனைப் பெறுகிறது என்பதை 1951இல் சாங், ஆஸ்டின் ஆகிய இரு ஆய்வாளர்களும் தனித்தனியே கண்டறிந்தார்கள். அந்த நேரத்தில் பைகார்பனேட்டின் தூண்டுதலால் தொடர் வினைகள் நிகழ்ந்து, புரதங்களில் டைரோசின் என்னும் அமினோ அமிலம் இருக்கும் இடங்களில் பாஸ்பேட் ஏறுகிறது. வால் சாட்டைபோல வீச்சாக அடிக்கத் தொடங்குவதும் இதே காலத்தில்தான்.

நீங்கள் படித்தது சுமோ என்னும் சிறு புரதத்தைப் பற்றியது. ஏறத்தாழ 100 அமினோ அமிலங்கள் கொண்ட இது, விந்தணு உருவாகும்போது இயல்பாகவே பல புரதங்களில் ஒட்டுகிறது. ஆனால் அசைவு குறைந்த, வடிவம் பிசகிய விந்தணுக்களில் இது மிகுதியாகக் காணப்பட்டிருக்கிறது. அந்த மிகுதிதான் அசைவைக் குறைத்தது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் சேர்மங்கள் செல்லில் மிகுந்துவிடும் நிலை, விந்தணுவின் கொழுப்புச் சவ்வையும் கெடுக்கும், சுமோ ஒட்டுவதையும் கூட்டும். ஆகவே இரண்டும் ஒரே கேட்டின் விளைவுகளாக இருக்கக்கூடும். இதை ஆராய்ச்சிக்கூடங்களில் அளக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின் வழக்கமான பரிசோதனைகளில் இது இல்லை. சிகிச்சையைத் தீர்மானிக்கவும் இது பயன்படுவதில்லை. இதற்காக அலையவும் வேண்டாம், பணம் செலவிடவும் வேண்டாம்.

என் கவலையெல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றியது. மாதிரியை அரை மணிக்குள், மிஞ்சினால் ஒரு மணிக்குள் பரிசோதிக்க வேண்டும், அதுவும் உடல் வெப்பத்துக்கு அருகில் வைத்திருந்து. தாமதமானால் அசைவு குறைந்தே தெரியும். கடும் காய்ச்சலும் விந்தணு உற்பத்தியைப் பாதிக்கும். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகிறது, பிறகு முதிர்ச்சிக்கு மேலும் ஓரிரு வாரம். ஆகவே உங்கள் மாதிரியில் இருந்தவை டெங்குவின்போது உருவாகிக்கொண்டிருந்தவையே. அந்தக் கையேடு அசைவுக்குக் கீழ் எல்லையாக 42 சதவீதத்தைச் சொல்வது உண்மைதான். ஆனால் ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களிலேயே 5 சதவீதத்தினர் அந்த எல்லைக்குக் கீழே இருந்தவர்கள். உங்கள் எண்ணிக்கையோ 1 கோடியே 60 லட்சம் என்ற எல்லைக்கு வெகு மேலே இருக்கிறது.

உங்கள் மனைவி எல்லாப் பரிசோதனைகளையும் முடித்த பிறகே உங்கள் முறை வந்தது என்பது எனக்கு வருத்தமளிக்கிறது. ஊசியோ வலியோ இல்லாத, செலவு குறைந்த இந்தப் பரிசோதனையை முதலிலேயே செய்திருக்க வேண்டும். நம் வீடுகளில் இந்த வரிசை இன்னும் மாறவில்லை.

காய்ச்சல் விட்டு மூன்று மாதம் கழித்து, இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்து, ஆய்வகத்திலேயே மாதிரி கொடுங்கள். அப்போதும் அசைவு குறைவாக இருந்தால் ஆண்மைநல மருத்துவரைப் பாருங்கள். விதைப்பையில் இரத்தநாளப் புடைப்பு இருக்கிறதா என்பதை அவர் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். புகைப்பழக்கம் இருந்தால் அதை இன்றே விட்டுவிடுங்கள். மருத்துவரிடம் இருவருமாகவே செல்லுங்கள்.