கடைசி நாளில் அந்த மெயிலை அனுப்பலாமா?

வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 31. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் டாக்குமெண்டேஷன் பிரிவில் வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் என்று ஏற்றுமதிக் காகிதங்கள் எல்லாம் அவர் கையில்தான். சேர்ந்து நாலு வருஷம் ஒன்பது மாதம் ஆகிறது. மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்துகிறார், தன் தவறை இவர் தலையில் கட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம்கூட போன் போட்டுத் திட்டுகிறார். "சார், நாளைக்கே ராஜினாமா கடிதத்தை நீட்டிவிடலாம் போலிருக்கிறது. போகும் அன்றைக்கு நடந்ததையெல்லாம் எழுதி ஆபீஸ் முழுக்க ஒரு மெயில் போட்டுவிட்டுப் போகட்டுமா? கூட வேலை செய்கிறவர்களிடம் எப்படிச் சொல்லிக்கொள்வது?" என்று கேட்கிறார்.

சகோதரி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத் தோல், ஷூ கம்பெனிகளில் இருபது வருஷத்துக்கு மேல் ஹெச்.ஆர். வேலை பார்த்தவன் நான். 'போன் மணி அடித்தாலே வயிறு கலங்குகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும். வேலையை விடுங்கள். ஆனால் நாளைக்கு வேண்டாம்.

காரணம் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் தொடர்ந்து இருந்தவர் ராஜினாமா செய்தாலும் அது அவருக்குச் சேர வேண்டிய பணம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து உங்களுக்கு 15,600 ரூபாய் என்கிறீர்கள். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்துக்கு 9,000. ஐந்து வருஷத்துக்கு 45,000 ரூபாய். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே ஐந்து வருஷம் முடித்ததாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்கில் இப்போதே உங்களுக்கு உரிமை வந்துவிட்டது என்று வாதாடலாம்தான். ஆனால் கம்பெனி மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு நீங்கள்தான் நடக்க வேண்டும். நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் ஒரு மாதம். இன்னும் இரண்டு மாதம் பொறுத்துக் கடிதம் கொடுங்கள். ஐந்து வருஷம் முழுசாக முடிந்து ஒரு வாரம் தள்ளிக் கடைசி நாள் வருகிற மாதிரி தேதி போடுங்கள். அப்போது வாதத்துக்கே இடமில்லை. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் உடம்பு கெடுகிற நிலை என்றால் மட்டும் இந்தக் கணக்கையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு உடனே கிளம்புங்கள். உடம்பு 45,000-க்கு மேல்.

அந்த இரண்டு மாதத்தைச் சும்மா கழிக்க வேண்டாம். முதல் வேலை, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) யு.ஏ.என். கணக்கில், அதாவது வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணில், பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்துகிறதா, சேர்ந்த தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெயரின் இனிஷியல் முன்னும் பின்னுமாக இருப்பதால் மாதக்கணக்கில் அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திருத்தம் என்றால் கம்பெனியின் ஒப்புதல் தேவைப்படலாம், அதனால் உள்ளே இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வேலையை விட்ட பிறகு விலகிய தேதியைக் கம்பெனி பதிவு செய்ய வேண்டும். செய்யவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம். கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனதும் ஆதார் ஓ.டி.பி. போட்டு நீங்களே பதிவு செய்துகொள்ளலாம். அடுத்த வேலை கிடைத்ததும் பணத்தை அந்தக் கணக்குக்கு மாற்றுங்கள், கையில் எடுக்காதீர்கள். மொத்தம் ஐந்து வருஷம் ஆகும் முன் எடுத்தால் வருமான வரிக்கு உட்படும். ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷ சேவை வேண்டும். இப்போது எடுத்துவிட்டால் இந்த ஐந்து வருஷமும் அந்தக் கணக்கில் வராமல் போகும்.

சம்பள ரசீதுகள், ஃபார்ம் 16, சம்பள உயர்வுக் கடிதங்கள் எல்லாவற்றையும் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். பையர் (சரக்கு வாங்குகிறவர்) பட்டியல், விலை விவரம் எதையும் தொடாதீர்கள். அது கம்பெனி சொத்து.

இனிக் கடிதம். மூன்று வரி போதும். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன், நோட்டீஸ் காலம் முடிந்து இன்ன தேதி என் கடைசி நாள், அதற்குள் பொறுப்புகளை ஒப்படைத்துவிடுகிறேன், அவ்வளவுதான். மேனேஜர் பெயர், அவர் செய்தது எதுவும் அதில் வேண்டாம். அந்தத் தாள் உங்கள் ஃபைலில் வருஷக்கணக்காக இருக்கும். முதலில் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, அன்றைக்கே மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் மெயிலில் அனுப்புங்கள். அதற்கு முன் டீக்கடையில் ஒருவரிடம் சொன்னாலும் நீங்கள் மாடிப்படி ஏறும் முன் விஷயம் மேனேஜர் காதுக்குப் போய்விடும்.

இப்போது அந்த மெயில். இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ஒரு பையன் இதேபோல் செய்தான். நல்ல வேலைக்காரன், சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. கடைசி நாள் சாயந்திரம் ஐந்தே முக்காலுக்கு மெயில் வந்தது. படித்ததும் அந்த ஹாலே அமைதியாகிவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை, கீபோர்டு சத்தம்கூட இல்லை. அவன் பையை மாட்டிக்கொண்டு வெளியே போனபோது கைகொடுக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பிடிக்காததால் இல்லை, பயத்தால். மறுநாள் காலை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்கள்: "உனக்கு முன்னாடியே தெரியுமா?" அவனோடு தினமும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட பெண் அன்று அழுததை நான் பார்த்தேன். மாதக்கணக்கில் அவளை எல்லோரும் சந்தேகமாகவே பார்த்தார்கள். மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். அந்த மெயிலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அங்கேயே இருப்பவர்கள். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். உங்கள் கோபம் தப்பு என்பதால் இல்லை.

உண்மையைச் சொல்லாமல் போகவும் வேண்டாம். ஹெச்.ஆர். விலகல் பேட்டிக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் நீங்களே பத்து நிமிஷம் கேளுங்கள். அங்கே மேனேஜரின் குணத்தைப் பற்றிப் பேசாதீர்கள், நடந்ததைத் தேதியோடு சொல்லுங்கள். 'கடந்த ஆறு மாதத்தில் இத்தனை ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது, பெரும்பாலும் கன்டெய்னர் கிளம்புகிற வாரம். சனிக்கிழமை மதியத்துக்குள் பேக்கிங் விவரம் வந்துவிட்டால் அந்தப் போனுக்கே அவசியம் இல்லை.' இப்படிச் சொன்னால் முதலாளி காதில் ஏறும், அடுத்து உங்கள் நாற்காலியில் உட்காருகிறவருக்கும் உதவும்.

பொறுப்பு ஒப்படைப்பதும் சக ஊழியர்களுக்கு நீங்கள் செய்கிற மரியாதைதான். எந்த பையர் பேக்கிங் லிஸ்ட்டில் அட்டைப்பெட்டி எண்ணைத் தனியாகக் கேட்பார், எந்த ஷிப்பிங் பில்லுக்கு டிராபேக் (ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் சுங்க வரி) இன்னும் வரவில்லை, சுங்க வேலைகளைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் யாரைக் கூப்பிட்டால் வேலை நடக்கும், இதெல்லாம் உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிற விஷயம். நாலு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

அப்புறம், சொல்லிக்கொள்வது. நெருங்கின இரண்டு பேருக்குக் கடிதம் கொடுத்த அன்றே சொல்லுங்கள். மற்றவர்களுக்கு ராஜினாமா ஏற்கப்பட்ட பிறகு. ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் "கொஞ்சம் மாற்றம் வேணும்னு தோணுச்சு" என்பதே போதுமான பதில். நீங்களும் வந்துவிடுங்கள் என்று யாரையும் இழுக்காதீர்கள். வீட்டுக் கடன் கட்டுகிறவருக்கு அது குத்தும்.

கடைசி நாள் மதியத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். ஆற்காடு மக்கன் பேடா ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் இதைவிடப் பொருத்தமான இனிப்பு இல்லை. பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், நீங்களே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் போங்கள். மெயில் இல்லாதவர்களை மறக்க வேண்டாம். பேக்கிங் செக்ஷன் அக்காக்கள், டீ கொண்டுவருகிறவர், கேட் செக்யூரிட்டி, மழை நாளில் உங்களை முத்துக்கடை வரை இறக்கிவிட்ட வேன் டிரைவர் அண்ணன். ஒவ்வொருவரிடமும் அவர்கள் செய்த ஒரு உதவியைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். 'அன்றைக்கு என் கையெழுத்துக்காக லாரியை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தீங்களே அண்ணா' என்றால் அவருக்கு அது வருஷக்கணக்கில் நினைவிருக்கும். எல்லோருக்கும் பொதுவாக அனுப்பும் மெயிலில் நன்றியும் உங்கள் போன் நம்பரும் இருந்தால் போதும்.

மேனேஜரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டுமா என்று தயங்குவீர்கள். சொல்லுங்கள். புகழ வேண்டாம், பொய்யும் வேண்டாம். "ஏற்றுமதி வேலையை இங்கேதான் கத்துக்கிட்டேன் சார், போயிட்டு வரேன்" என்று நின்றபடியே சொல்லிவிட்டு வந்துவிடலாம். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை ஒரே தொழில், ஒரே ஆட்கள். அடுத்த கம்பெனி உங்களைப் பற்றி அவரிடம்தான் போன் போட்டுக் கேட்கும்.

ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஹெச்.ஆரிடம் விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ் இரண்டும் எந்தத் தேதிக்குக் கிடைக்கும் என்று மெயிலில் எழுதி வாங்குங்கள். பாக்கிச் சம்பளத்தை விலகிய இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. கிராஜுவிட்டிக்கு 30 நாள், தாமதமானால் வட்டியோடு தர வேண்டும். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கட்டிய சந்தாவுக்கு உரிய பயன்காலம் முடியும் வரை அதில் வைத்தியம் பார்க்கலாம்.