பிளாஸ்டிக் சர்ஜரிக்கு எந்த சீட்டை எடுப்பது? – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: எங்க அம்மிணி ஹவுஸ் சர்ஜனா இருக்குதுங்க. பிளாஸ்டிக் சர்ஜரிதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. ஜெனரல் சர்ஜரி முடிச்சுட்டுப் போறதா, நேரா ஆறு வருசக் கோர்ஸ்ல சேர்றதா? அமெரிக்காவுல இருக்கற சொந்தக்காரங்க ஃபெலோஷிப்னு சொல்றாங்க. அது வேறயாங்க?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அமெரிக்காவில் ஜெனரல் சர்ஜரிக்குப் பின் படிக்கும் மூன்றாண்டுப் பிளாஸ்டிக் சர்ஜரிப் பயிற்சியைப் பேச்சுவழக்கில் ஃபெலோஷிப் என்பார்கள். நம் நாட்டில் அந்த இடத்தில் இருப்பது எம்.சிஎச். அல்லது அதற்கு இணையாகத் தேசியத் தேர்வு வாரியம் தரும் டிஆர்.என்.பி. பட்டம். கை அறுவை, மைக்ரோ சர்ஜரி (மைக்ரோஸ்கோப் வழியே நுண்ணிய ரத்தக்குழாய், நரம்பு தைப்பது) போன்ற ஒரு பிரிவில் மட்டும் மேலும் பழக, பட்டத்துக்குப் பிறகு வருவதுதான் இங்கே ஃபெலோஷிப்.

வழி இரண்டு. நீட் பி.ஜி. எழுதி 3 ஆண்டு எம்.எஸ். அல்லது அதே வாரியத்தின் டி.என்.பி. ஜெனரல் சர்ஜரி, பிறகு உயர்சிறப்புப் படிப்புக்கான நீட் எஸ்.எஸ். எழுதி இன்னொரு 3 ஆண்டு எம்.சிஎச். அல்லது டிஆர்.என்.பி. இல்லையென்றால், அதே நீட் பி.ஜி. மதிப்பெண்ணில் நேரடி 6 ஆண்டு டிஆர்.என்.பி. தாளில் கூட்டினால் இரண்டும் ஒன்றுதான். நடைமுறையில் முதல் வழியில் தேர்வு, கவுன்சலிங், அரசு பாண்டு (படித்து முடித்ததும் அரசு மருத்துவமனையில் வேலை செய்யும் ஒப்பந்தம்) என்று இடையில் காலம் கரையும். பாண்டு முடியும்வரை அசல் சான்றிதழ்கள் கல்லூரியிலேயே இருக்கும் நிலையும் உண்டு. சேரும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரடிப் படிப்பின் ஆபத்து வேறு. நான்காம் ஆண்டில் மனம் மாறி வெளியே வந்தால் கையில் ஜெனரல் சர்ஜரிப் பட்டம்கூட இருக்காது. அழகு சிகிச்சையை மட்டும் நினைத்து வருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்தத் துறையின் அன்றாடம் தீக்காயம், நசுங்கிய விரல், உதட்டுப் பிளவு, ஆறாத புண். ஹவுஸ் சர்ஜன் காலத்தின் எலெக்டிவ் வாரங்களைப் பிளாஸ்டிக் சர்ஜரி யூனிட்டில் கழிக்கச் சொல்லுங்கள். பத்து மணி நேர ஆபரேஷனை நின்று பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் நேரடி வழி தைரியமாக எடுக்கலாம். கொஞ்சம் தயக்கம் இருந்தாலும் எம்.எஸ்.தான்.

எம்.எஸ். கல்லூரியைப் பெயருக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அங்கே படிக்கும் மூன்றாம் ஆண்டு பி.ஜி.யின் லாக் புக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். 'உதவியது' என்ற பக்கம் நிரம்பி, 'தானே செய்தது' காலியாக இருந்தால் அந்த சீட்டால் பெரிய பயனில்லை. அதே வளாகத்தில் பிளாஸ்டிக் சர்ஜரி யூனிட்டும் தீக்காய வார்டும் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இதில் நம் பக்கத்துக்குக் குறை இல்லை. தறி, ஸ்பின்னிங் மில், பவுண்டரி, தேங்காய் நார் மில் எல்லாம் சேர்ந்து கைக்காயங்களை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கோவை கங்கா மருத்துவமனையின் பெயரிலேயே திறந்த கால் முறிவுக்கான மதிப்பெண் முறை ஒன்று உலக அளவில் புழங்குகிறது.

கேள்வி: எம்.எஸ். முதல் வருடம் படிக்கிறேன். எம்.சிஎச். போவதற்கு இப்போதே எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?
– மருத்துவர், திருப்பூர்

பதில்: நீட் எஸ்.எஸ். கேள்விகள் ஜெனரல் சர்ஜரிப் பாடத்திலிருந்தே வருகின்றன. எனவே தேர்வுக்கென்று தனிப் பாதை தேட வேண்டாம். கைக்கு இரண்டு வேலைகளைக் கொடுங்கள்.

ஒன்று, தீக்காயத் திரவக் கணக்கு. ஒரு கிலோவுக்கு, ஒரு சதவீதக் காயத்துக்கு 4 மி.லி. என்று வைத்து, உடல் எடை 60 கிலோ, உடல் பரப்பில் காயம் 40% என்றால் 4 × 60 × 40 = 9,600 மி.லி. ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் டிரிப்). அதில் பாதி, 4,800 மி.லி., முதல் 8 மணி நேரத்தில். இந்த 8 மணி நேரம் தீப்பட்ட நேரத்திலிருந்து ஓடுகிறது, கேஷுவாலிட்டிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. தாராபுரத்திலிருந்து 3 மணி நேரம் கழித்து வந்தவருக்கு மிச்சம் 5 மணி நேரம்; மணிக்கு 960 மி.லி. வந்த நேரத்திலிருந்து கணக்கிட்டால் 600தான் போகும். வெறுமனே சிவந்த தோலைச் சதவீதத்தில் சேர்ப்பது இதற்கு நேர் எதிரான தவறு. 4 மி.லி.க்குப் பதில் 2 மி.லி.யில் தொடங்கும் யூனிட்டுகளும் இப்போது உண்டு. எதில் தொடங்கினாலும் பெரியவர்களுக்குச் சிறுநீர் மணிக்கு, கிலோவுக்கு 0.5 மி.லி. வருகிறதா என்று பார்த்துத்தான் டிரிப்பைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

இரண்டு, ஸ்கின் கிராஃப்ட், அதாவது ஓரிடத்துத் தோலை மெல்லியதாகச் சீவி எடுத்துக் காயத்தின் மேல் ஒட்டுவது. தோல் சீவும் ஹம்பி கத்தியால் தொடையில் தோல் எடுப்பதை எல்லோரும் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். கிராஃப்ட் பிடிக்காமல் போவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்: அடியில் ரத்தம் தேங்கும், அல்லது தோல் நகரும், அல்லது கிருமி தின்றுவிடும். கட்டுவதற்கு முன் ரத்தக்கசிவை முழுதாக நிறுத்துங்கள், தோலில் சிறு துளைகள் இடுங்கள், மூட்டுக்கு அருகில் என்றால் மாவுக்கட்டு ஸ்லாப் போடுங்கள். வாடையோ காய்ச்சலோ இல்லாவிட்டால் ஐந்தாம் நாள் பிரித்தால் போதும். உறையில்லாத எலும்பின் மேலும் தசைநாரின் மேலும் கிராஃப்ட் பிடிக்காது, அங்கே ஃபிளாப்தான் (தனக்கான ரத்த ஓட்டத்தோடு நகர்த்தி வைக்கும் தோல் அல்லது தசை). இதைப் பார்த்தவுடன் சொல்லத் தெரிந்த பி.ஜி.யை எந்த யூனிட்டும் விரும்பும்.

மைக்ரோஸ்கோப் கிடைத்தால் முதலில் கையுறை ரப்பரில் தையல் போடுங்கள், பிறகு கோழித் தொடையின் ரத்தக்குழாயில்.

கேள்வி: எனக்கு ஆர்த்தோ சீட்தான் கிடைத்தது. கை அறுவைக்கு வர முடியுமா? ஒரு மாத காஸ்மெட்டிக் ஃபெலோஷிப் என்று விளம்பரம் வருகிறதே?
– மருத்துவர், ஈரோடு

பதில்: முடியும். தேசியத் தேர்வு வாரியத்தின் கை மற்றும் மைக்ரோ சர்ஜரி ஃபெலோஷிப்பான எஃப்.என்.பி. 2 ஆண்டுப் படிப்பு. ஆர்த்தோ முடித்தவர்களும் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். அதை முடித்தால் நீங்கள் கை அறுவை நிபுணர், பிளாஸ்டிக் சர்ஜன் அல்ல. ஒரு மாதச் சான்றிதழ் இந்த இரண்டில் எதையும் தராது. சுவரில் மாட்டலாம், போர்டில் 'பிளாஸ்டிக் சர்ஜன்' என்று எழுதினால் மருத்துவக் கவுன்சிலில் பதில் சொல்ல வேண்டிவரும்.