பல்லவி இல்லாத ராப்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ராப் இசை பற்றிய கட்டுரையில் மேட்வில்லன் இரட்டையரை மிக உயர்வாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர்களுடைய ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 179ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை என்று அறிகிறேன். சிலரே கேட்ட ஒன்று ஒரு துறையையே மாற்றியது என்பது ரசிகர்களின் மிகையல்லவா?

ர.

அன்புள்ள ர.,

நீங்கள் சொல்லும் எண் சரியானதே. ஆனால் அந்த இரட்டையர், அதாவது ராப் சொல்லும் எம்.எஃப். டூமும் இசையமைக்கும் மேட்லிப்பும், செய்தது என்ன என்பதைச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் எழுத முடியாது.

2004 மார்ச்சில் வெளியான அவர்களுடைய ஆல்பம் ‘மேட்வில்லனி’யில் 22 தடங்கள், மொத்தம் 46 நிமிடங்கள். வானொலியில் ஒலிக்க வேண்டுமானால் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் பல்லவி வேண்டும், அது திரும்பத் திரும்ப வரவேண்டும் என்று ராப் உலகம் நம்பியிருந்த காலம் அது. ‘அக்கார்டியன்’ பாடலைக் கேளுங்கள். ஒரே இசைத்துணுக்கு சுழன்றுகொண்டிருக்க, டூம் பல்லவியே இல்லாமல் சரணத்தை மட்டும் சொல்லிச் செல்கிறார். சொல்ல வந்தது தீர்ந்ததும், இரண்டு நிமிடத்துக்குள், பாட்டு நின்றுவிடுகிறது. இயைபு அடியின் ஈற்றில் மட்டும் விழுவதில்லை, அடியின் நடுவிலும் அடுக்கடுக்காக விழுகிறது. எதுகை மோனையில் பழகிய நம் காதுக்கு, ஆங்கிலம் முழுதும் புரியாவிட்டாலும், இது உடனே பிடிபடும் என்றே நினைக்கிறேன்.

மேட்லிப் இதன் இசைக்கோவைகள் சிலவற்றை 2002இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகர ஓட்டல் அறையில், ஒரு சிறிய சாம்ப்ளரும் (ஒலித்துணுக்குகளை வெட்டி மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவி) கையில் எடுத்துச் செல்லும் டர்ன்டேபிளும் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) கேசட் டெக்கும் கொண்டு, பழைய இசைத்தட்டுகளிலிருந்து உருவாக்கினார். பெரிய ஸ்டுடியோ இல்லாமலும் இது முடியும் என்பதற்கு அந்த அறையே சான்று.

முழுமை பெறாத பதிவு, வெளியீட்டுக்கு ஓராண்டுக்கும் முன்பே இணையத்தில் கசிந்தது. இருவரும் மனம் சலித்து வேறு வேலைகளுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, டூம் தம் குரலை முன்னிலும் தாழ்த்தி, அவசரமின்றி மீண்டும் பதிவு செய்தார். பின்வந்தவர்களைப் பிடித்துக்கொண்டவை அந்தக் குரலும் பாடல்களின் சுருக்கமும்தான். டூமின் தாக்கத்தை வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட ராப் பாடகர் ஏர்ல் ஸ்வெட்ஷர்ட் 2018இல் வெளியிட்ட ‘சம் ராப் சாங்ஸ்’ ஆல்பத்தில் 15 பாடல்கள் 25 நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. ஒரு மாலையில் ‘மேட்வில்லனி’யை முதலிலும் இதை அடுத்தும் கேட்டுவிட்டு, இன்னமும் மிகை என்று தோன்றினால் அவசியம் எழுதுங்கள்.