பாறை விரிசல்கள் நேராக முட்டாமல் கொக்கிபோல வளைவது ஏன்?

பாம்பன் கரைப் பாறையில் எதிரெதிரே வந்த இரண்டு விரிசல்கள் வளைந்து சேர்ந்திருப்பதைப் பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாம் நுனியின் வேலை. பாறையை இழுக்கும் விசை விரிசலைத் தாண்ட முடியாமல் சுற்றிப்போய் அதன் நுனியில் குவிகிறது. பிஸ்கட் பாக்கெட் ஓரத்தில் சின்ன வெட்டு இருந்தால் சட்டென்று கிழிகிறதே, அதே கதை. விரிசல் நீள நீள, அதை வளர்க்கக் குறைந்த விசையே போதும். கண்ணாடியை வைத்து கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1921-இல் விளக்கியது இது.

சரி, இரண்டு நுனிகள் நெருங்கினால்? முதலில் லேசாக விலகும். ஒன்றையொன்று தாண்டியதும், அடுத்ததன் பக்கவாட்டை நோக்கித் திரும்பும். நடுவில் கண் வடிவத் துண்டு மிஞ்சும். இணையாக ஓடும் விரிசல்களில் நீளமானது பக்கத்து விசையைத் தளர்த்திவிடுவதால் குட்டையானது நின்றுபோகும்.

நம் கரையில் உப்பும் கூட்டு. கடல்நீர் காய்ந்ததும் உப்புப் படிகம் உள்ளிருந்தே நெம்பும்.