துட்டி வீடு இல்லாத துக்கம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

வயது 34. சொந்த ஊர் பாளையங்கோட்டை. பெங்களூரு அல்சூரில் மனைவி, நான்கு வயது மகளோடு இருக்கிறேன். ஆறு வருடமாக ரோடு பைக், அதாவது பந்தய சைக்கிள், ஓட்டுகிறேன். ஞாயிறு என்றால் நந்தி மலைதான்.

2023 ஜூன் 15 அன்று டூர் டி சுவிஸ் சைக்கிள் போட்டியில், ஆல்புலா கணவாய் இறக்கத்தில் சுவிஸ் வீரர் ஜினோ மேடர் பள்ளத்தில் விழுந்தார். மறுநாள் இறந்துவிட்டார். 26 வயது. 2021 ஜிரோவில், அதாவது இத்தாலியின் மூன்று வார சைக்கிள் பந்தயத்தில், அவர் ஒரு நாள் கட்டத்தை ஜெயித்ததிலிருந்து அவருடைய ரேஸ் எதையும் நான் விட்டதில்லை. இப்போது தினமும் ராத்திரி பதினொரு மணிக்குப் படுத்ததும் போனில் மேப்பைத் திறந்து, அந்த இறக்கத்தின் வளைவுகளை ஒவ்வொன்றாகத் தெருப்படத்தில் (ஸ்ட்ரீட் வியூ) பார்க்கிறேன். எந்த வளைவு? கல்லா, காற்றா, வேகமா? இரண்டு மணி ஆகிவிடுகிறது. ஜூலை 11 அன்று டூர் டி பிரான்ஸில் அவருடைய அணியின் பெல்லோ பில்பாவோ ஜெயித்து, வெற்றியை ஜினோவுக்குச் சமர்ப்பித்தபோது தேம்பி அழுதுவிட்டேன். மகள் மிரண்டுபோனாள். "முகம் தெரியாத ஆளுக்காக இப்படியா?" என்கிறாள் மனைவி. ஊரிலிருந்து அம்மா, "எந்த ஊர்க்காரனுக்கோ நீ ஏம்ல அழுத?" என்கிறாள்.

இரண்டு வாரம் முன்பு நந்தியில் ஏறிவிட்டேன், இறங்க முடியவில்லை. மூன்றாவது வளைவில் கை விறைத்துவிட்டது. பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் ஷூவோடு பைக்கைத் தள்ளிக்கொண்டு நடந்து, கடைசியில் ஒரு லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். எனக்கு இது நோயா?

*

அன்புள்ள நண்பருக்கு,

நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'நீடித்த துக்கக் கோளாறு' என்று ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கே இறப்பு நடந்து ஆறு மாதமாவது கடந்திருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஐந்து வாரம்கூட ஆகவில்லை.

உங்கள் ஊரில் துட்டி கேட்க, அதாவது இறந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவார்கள். வாசலில் பந்தல், பெஞ்சு. கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, 'போயிட்டு வாரேன்' என்று சொல்லாமல் எழுந்து வருவார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டுக்காரர்களே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். உங்கள் துக்கத்துக்கு அப்படி ஒரு வீடு இல்லை. அந்த மேப்பைத்தான் துட்டி வீடாக்கிக்கொண்டீர்கள். தினமும் போகிறீர்கள், 'போதும், எழுந்திரு' என்று சொல்ல அங்கே யாருமில்லை.

சைக்கிள் பந்தயத்துக்காரர்களிடம் இதற்கொரு வழக்கம் உண்டு. 2011 மே 9 அன்று ஜிரோவின் பாஸோ தெல் பொக்கோ கணவாய் இறக்கத்தில் பெல்ஜிய வீரர் வவுட்டர் வெய்லாண்ட் இறந்தார், அவருக்கும் 26 வயதுதான். மறுநாள் யாரும் போட்டி போடவில்லை. முழுத் தூரத்தையும் சேர்ந்தே ஓட்டினார்கள். அவருடைய அணியினர் எல்லைக்கோட்டைக் கடந்தபோது நடுவில் டைலர் ஃபாரர் இருந்தார். அவர் வேறு அணிக்காரர், ஆனால் நெருங்கிய நண்பர். 'நீ எங்கள் ஆளா?' என்று யாரும் கேட்கவில்லை. அவரும் வெய்லாண்டின் அணியினரும் அத்தோடு போட்டியை விட்டு ஊருக்குப் போனார்கள், மற்ற அணிகள் அதற்கடுத்த நாள் மறுபடி பந்தயம் ஓட்டின. வெய்லாண்டின் 108 என்ற எண்ணை ஜிரோவில் அதன்பின் யாருக்கும் தருவதில்லை. ஒரு நாள், ஒரு சாலை, ஒரு எண்: துக்கத்துக்கு அளவு வைத்தார்கள்.

மேப்பில் நீங்கள் தேடுவது காரணத்தை. 'இன்னதைச் செய்யாமல் இருந்தால் எனக்கு இது நடக்காது' என்ற உத்தரவாதம் எங்காவது கிடைக்காதா என்ற தவிப்பு அது. சில மரணங்களில் அப்படி ஒன்று கிடைத்ததும் உண்டு. 2003 மார்ச்சில் பாரிஸ்-நீஸ் போட்டியில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து அந்த்ரேய் கிவிலெவ் இறந்தார், அந்த மே மாதமே ஹெல்மெட் கட்டாயமானது. மேடர் ஹெல்மெட் போட்டுத்தான் ஓட்டினார். நீங்கள் பார்க்கும் படமோ வேறொரு நாள் வேறொரு வண்டி எடுத்தது. அதில் அவர் இல்லை, அந்த நொடியும் இல்லை.

இன்று முதல் போனை ஹாலில் சார்ஜ் போடுங்கள். 'அலாரத்துக்கு வேண்டுமே' என்று தோன்றும், ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிவிடுங்கள். மேப்பைப் பார்க்கும் துடிப்பு பெரும்பாலும் அரைமணிக்குள் ஏறி இறங்கிவிடும். அதுவரை படுக்கையில் புரளாமல் எழுந்து உட்காருங்கள். அதற்குப் பதிலாக மாலை ஏழரைக்கு இருபது நிமிடம், நாற்காலியில், ஒரு நோட்டோடு. அவர் வாழ்ந்ததைப் பற்றி மட்டும் எழுதுங்கள். 2021 வுவெல்டாவில் (ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயம்) ஒவ்வொரு நாளும் தனக்குப் பின்னால் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு யூரோ என்று கணக்கு வைத்து, ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கும் பணிக்குக் கொடுத்தார். அழுகை வந்தால் அழுங்கள். இருபது நிமிடம் ஆனதும் நோட்டை மூடுங்கள். ஜூலை 30 ஞாயிறு, இந்த உட்காரலுக்குக் கடைசி நாள். அன்று, இந்த வருடம் ஓட்டிய கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் வீதம் மரம் நடுகிறவர்கள் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அதன்பின் அழுகை வரவே கூடாது என்றில்லை. தினசரி வருகை மட்டும் முடிகிறது.

அடுத்தது நந்தி. கவனமாக இருப்பதும் பயந்து விறைப்பதும் ஒன்றல்ல. 30 கி.மீ. வேகம் 60 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு, அந்த மட்டுக்கும் உங்கள் பயம் நியாயம். ஆனால் பயந்த உடம்பு செய்வதெல்லாம் ஆபத்தைக் கூட்டுகிறது. முழங்கை பூட்டிக்கொள்வதால் சின்னக் குழியும் ஹேண்டில்பாரை உதறுகிறது. கண் பள்ளத்தையே பார்க்கிறது, பைக் கண் போகும் பக்கம் போகிறது. பிரேக்கை விடாமல் பிடித்தே இறங்கினால் சக்கரத்தின் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம், டிஸ்க் பிரேக் என்றால் அதன் பேட் பளபளத்துப் பிடிமானம் குறையும். வளைவின் நடுவில் முன் பிரேக்கை அழுத்தினால் முன் சக்கரம் வழுக்கும்.

அதனால் முதல் வாரம் மலையே வேண்டாம். காலியான சமதளத்தில் 20 கி.மீ. வேகத்திலிருந்து இரண்டு பிரேக்கும் பிடித்து நிற்பதை இருபது முறை செய்யுங்கள், கை ஹேண்டில்பாரின் கீழ் வளைவில், முழங்கை தளர்வாக. முன்னதாகக் கடையில் பேட்டைப் பாருங்கள், டிஸ்க் பேடில் உரசும் பகுதியின் கனம் 1 மி.மீ.க்கு வந்திருந்தால் மாற்றுங்கள். இரண்டாவது வாரம் வார நாள் விடியலில் நந்தி, ஒரு கிலோமீட்டர் மட்டும் ஏறித் திரும்புங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரேக்கை விட்டு, வெளிப்பக்கப் பெடல் கீழே, பார்வை வளைவு முடியும் இடத்தில். பயத்துக்குப் பத்துக்கு மார்க் போடுங்கள். அதே ஒரு கிலோமீட்டரில் எட்டு நான்காகும் வரை திரும்பத் திரும்ப, பிறகுதான் இன்னொரு கிலோமீட்டர். நடுவில் கை விறைத்தால் நேரான இடத்தில் ஓரங்கட்டிக் காலூன்றி நில்லுங்கள். பயம் பாதியானதும் மிச்சத்தை ஓட்டியே இறங்குங்கள். உச்சத்தில் இருக்கும்போது ஆட்டோவில் ஏறினால், ஆட்டோதான் காப்பாற்றியது என்று உடம்பு பாடம் படித்துவிடும்.

மனைவியின் பேச்சைக் கேலியாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் போவதும் ஒரு இறக்கத்துக்குத்தான், அது அவருக்குத் தெரியும். போனில் லைவ் லொகேஷன், வீடு திரும்பும் நேரம், தனியாக இறங்குவதில்லை: இந்த மூன்றையும் அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு வாரம் கழித்தும் தூக்கம் வராவிட்டாலோ, வேலை ஓடாவிட்டாலோ, செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலோ, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

மகளிடம் இன்றே பேசிவிடுங்கள். "அப்பாவுக்குப் பிடிச்ச சைக்கிள் மாமா ஒருத்தர் செத்துப்போயிட்டார், அதான் அழுதேன். நீ ஒண்ணும் தப்பு பண்ணலை." இவ்வளவு போதும். 'தூங்கிட்டார்' என்று மட்டும் சொல்லாதீர்கள், நாலு வயதுப் பிள்ளை ராத்திரி கண்ணை மூடவே பயப்படும்.