ஓப்பன் ஆபீஸா, லிப்ரே ஆபீஸா? பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கேள்வி: “எங்கள் அலுவலகத்தில் பத்து கணினிகள். எம்.எஸ். ஆபீஸுக்குப் பதிலாக ஓப்பன் ஆபீஸ் போடலாமா, லிப்ரே ஆபீஸ் போடலாமா? இரண்டும் ஒன்றுதானே? இதையெல்லாம் இலவசமாகக் கொடுப்பதில் அவர்களுக்கு என்ன லாபம்?”

லிப்ரே ஆபீஸ் போடுங்கள். இரண்டும் ஒன்று என்பது 2010 வரைக்கும்தான் உண்மை. ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்கிறவர்கள் ஒருமுறை ஓப்பன் ஆபீஸில் ஒரு கடிதம் அடித்து, அதை டாக்எக்ஸ் (வேர்டின் இப்போதைய வடிவம்) கோப்பாகச் சேமித்துப் பார்க்கட்டும். சேமிக்க முடியாது. டாக்எக்ஸைத் திறக்கும், எழுதாது. பழைய டாக் வடிவத்தில்தான் வெளியே வரும்.

லாபம் என்ன என்று கேட்டீர்களே, அதில்தான் கதை இருக்கிறது. இந்த இரண்டுக்கும் ஆதி, ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் செய்த ஸ்டார் ஆபீஸ். 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தையே வாங்கியது. சோலாரிஸ் என்ற இயங்குதளமும் ஜாவா என்ற நிரல்மொழியும் சொந்தமாக வைத்திருந்த சன்னின் ஊழியர்கள் கடிதம் அடிக்க மட்டும் விண்டோஸ் பக்கம் போக வேண்டியிருந்தது. சுமார் 42,000 பேருக்கு மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் உரிமம் வாங்குவதைவிட ஸ்டார் டிவிஷனை வாங்குவது மலிவாக இருந்தது என்று சன்னில் இருந்த சைமன் ஃபிப்ஸ் பின்னாளில் சொன்னார். 2000 அக்டோபரில் அதன் மூலநிரலை, அதாவது மென்பொருளை எழுதிய வரிகளை, யாரும் எடுத்துத் திருத்தும்படி திறந்துவிட்டார்கள். அதுதான் ஓப்பன் ஆபீஸ். தர்ம சிந்தனை என்று நினைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்டுக்குப் பணம் கொட்டும் இடம் ஆபீஸ். அதே வேலையைச் செய்யும் பொருள் சும்மா கிடைத்தால் அந்த ஊற்றில் கொஞ்சமாவது வற்றும்.  

2010 ஜனவரியில் தரவுத்தள மென்பொருள் நிறுவனமான ஆரக்கிள் சன்னை விழுங்கியது. நிரல் எழுதியவர்களில் பலருக்குச் சன் காலத்திலேயே மனக்குறை இருந்தது: நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு வரியின் பதிப்புரிமையிலும் நிறுவனத்துக்குப் பங்கு எழுதித்தர வேண்டும். ஆரக்கிள் வந்ததும் பொறுமை போய்விட்டது. 2010 செப்டம்பர் 28 அன்று பலர் பிரிந்து ‘தி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பை அறிவித்தார்கள். அதே நிரலை வைத்து அவர்கள் செய்வதுதான் லிப்ரே ஆபீஸ். பெயர் ஆரக்கிளிடம், ஆட்கள் லிப்ரே ஆபீஸில். ஆரக்கிளுக்கும் அதில் ஆர்வம் போய், 2011 ஜூனில் பெயரையும் நிரலையும், திறந்த மூலநிரல் மென்பொருள்களைப் பராமரிக்கும் அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. ஐபிஎம் அதை ஆதரித்தது. லோட்டஸ் சிம்பொனி என்று இதே நிரலில் தனிப்பொருள் செய்துவந்த ஐபிஎம்முக்கு, மூலநிரலைத் திறக்காமலே பொருள் செய்ய விடும் அப்பாச்சி உரிமம் வசதி.

அந்த உரிமத்தில்தான் முடிச்சு. அப்பாச்சி உரிமத்தில் உள்ள நிரலை லிப்ரே ஆபீஸ் எடுத்துக்கொள்ளலாம். லிப்ரே ஆபீஸின் நிரலை, அதன் உரிம நிபந்தனைகளால், அப்பாச்சி எடுத்துக்கொள்ள முடியாது. சிம்பொனியிலிருந்து ஓப்பன் ஆபீஸுக்கு வந்த பக்கப்பட்டை (சைடுபார்) லிப்ரே ஆபீஸுக்கும் வந்துவிட்டது. இந்தப் பக்கம் நடந்த வேலை அந்தப் பக்கம் போகவில்லை. ஒருவழிப் பாதை. ஓப்பன் ஆபீஸ் 4.1 வந்தது 2014-இல். அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் 4.1-இன் சின்னத் திருத்தங்களே. 2016-இல் திட்டத்தையே மூடிவிடலாமா என்று அவர்களே பொதுவில் விவாதித்தார்கள். லிப்ரே ஆபீஸில் ஆண்டுக்கு இரண்டு பெரிய வெளியீடுகள். இவ்வளவுக்குப் பிறகும் ஜனங்கள் தேடுவது பழைய பெயரைத்தான்.

இனி உங்கள் பத்துக் கணினிகள். பத்திலும் எம்.எஸ். ஆபீஸை நீக்கிவிடாதீர்கள். உரிமத்தோடு ஒன்றில் மட்டும் வைத்திருங்கள், கணக்குப் பார்ப்பவர் கணினியில். ஜிஎஸ்டி ஆண்டறிக்கையான ஜிஎஸ்டிஆர்-9-இன் ஆஃப்லைன் கருவி, மேக்ரோ (தானாக ஓடும் சிறு நிரல்) பொதிந்த எக்செல் கோப்பு. அதற்கு எக்செல்தான் வேண்டும். லிப்ரே ஆபீஸில் எக்செலுக்கு இணையான கால்க், மேக்ரோவை ஓரளவு ஓட்டும், பொத்தானும் படிவமும் நிறைந்தவற்றில் தடுமாறும். எக்செலில் தரவைத் திரட்டிச் சீராக்கும் பவர் குவெரியை நம்பி வேலை செய்பவருக்கும் எக்செல்தான். எக்செலை இகழ்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம், அது அருமையான மென்பொருள். மற்ற ஒன்பது பேர் அதில் செய்வது கூட்டலும் வடிகட்டலும் என்றால் அதற்குக் கால்க் போதும் என்றுதான் சொல்கிறேன்.

மற்றக் கணினிகளில் நிறுவியதும் ‘வியூ’வில் ‘யூசர் இன்டர்ஃபேஸ்’ போய் ‘டேப்டு’ தேர்ந்தெடுங்கள். எம்.எஸ். ஆபீஸின் மேல்பட்டையான ரிப்பனில் பழகியவர்களின் புலம்பல் பாதி குறையும். அடுத்து ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘லோடு/சேவ்’, ‘ஜெனரல்’. எப்போதும் எந்த வடிவத்தில் சேமிப்பது என்பதை இங்கே குறிக்கலாம். அலுவலகத்துக்குள்ளேயே சுற்றும் கோப்புகளுக்கு லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவமான ஓடிடி, வெளியே படிக்க மட்டும் அனுப்புவதற்கு பிடிஎஃப், மற்றவர் திருத்தித் திருப்ப வேண்டும் என்றால் மட்டும் டாக்எக்ஸ். ஒரே கோப்பை ஓடிடிக்கும் டாக்எக்ஸுக்கும் மாற்றி மாற்றிச் சேமிப்பதுதான் அட்டவணையும் எண்ணிட்ட பட்டியலும் குலையக் காரணம். பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியில் ‘ஹைப்ரிட் பிடிஎஃப்’ என்று ஒன்று இருக்கிறது. அதை டிக் செய்தால் மூலக்கோப்பும் பிடிஎஃப்புக்குள்ளேயே போய்விடும், பிறகு லிப்ரே ஆபீஸில் திறந்து திருத்தலாம்.

‘வேர்டில் ஒரு பக்கம், இதில் ஒன்றே கால் பக்கம்’ என்ற புகார் வரும். தொண்ணூறு சதம் ஃபான்ட்தான் காரணம். காலிப்ரிக்குப் பதிலாகக் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதிலாகக் கலடியா, ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் லிபரேஷன் எழுத்துருக்கள். எழுத்தின் வடிவம் வேறானாலும் அகலம் ஒன்று, அதனால் வரி உடையாது. லிப்ரே ஆபீஸோடு சேர்ந்தே வரும், யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2023-இல் மைக்ரோசாஃப்ட் காலிப்ரிக்குப் பதில் ஏப்டோஸை இயல்பு எழுத்துருவாக்கியது. அதில் அடித்து வரும் கோப்பு நகரத்தான் செய்யும். அனுப்புகிறவரிடம் எழுத்துருவை மாற்றச் சொல்லுங்கள்.

தமிழில் அடிப்பவர்கள் மாட்டும் இடம் வேறு. லிப்ரே ஆபீஸுக்குத் தமிழ் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ வகை, அதாவது எழுத்துகள் சேர்ந்து உருமாறும் மொழி. ஒவ்வொரு பத்தி பாணியிலும் (ஸ்டைல்) ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, ஓர் அளவு; தமிழுக்குத் தனி எழுத்துரு, தனி அளவு. பாணியில் ஆங்கிலத்தை 14 ஆக்கிவிட்டுத் தமிழ் ஏன் 12-இலேயே நிற்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ‘ஆப்ஷன்ஸ்’ஸில் மொழி அமைப்புக்குப் போய் காம்ப்ளெக்ஸ் பகுதியில் தமிழைக் குறித்து, பிறகு இயல்புப் பாணியின் ஃபான்ட் பக்கத்தில் இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். வேர்டிலும் இந்தப் பிரிவினை உண்டு, ஒளிந்திருக்கிறது.

இதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது, கேட்ட கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கடிதம் அனுப்புகிறவர்களை என்ன செய்வது? அது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம். எம் என்ற எழுத்து இருக்கும் இடத்தில் அ-வின் படம். எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். உடனே ‘இந்த ஓசி சாஃப்ட்வேர் தமிழைக் கெடுத்துவிட்டது’ என்று பழி. தமிழக அரசு ஒருங்குறியை (யூனிகோட்) ஏற்று ஆணையிட்டது 2010-இல்! அச்சகத்துக்குப் பழைய எழுத்துரு தேவைப்படுவது புரிகிறது, மின்னஞ்சலில் வரும் சுற்றறிக்கைக்கு என்ன தேவை? அப்படிக் கோப்பு வந்தால் ஒருங்குறி மாற்றியில் போட்டு, ஒட்டும்போது வடிவமைப்பு இல்லாத வெற்று உரையாக ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பாமினி என்ற பெயர் உள்ளேயே ஒட்டிக்கொண்டு, பிறகு அந்த இடத்தில் ஆங்கிலம் அடிக்கும்போது தமிழ்க் குப்பையாக விழும்.

ஏற்கெனவே ஓப்பன் ஆபீஸ் போட்டிருந்தால் பதற வேண்டாம். அதன் ஓடிடி, ஓடிஎஸ் (கணக்குத்தாள்) கோப்புகளை லிப்ரே ஆபீஸ் அப்படியே திறக்கும். புதியதை நிறுவி, ஒரு வாரம் இரண்டையும் வைத்திருந்து, கோப்புகள் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பழையதை நீக்குங்கள். நிறுவும்போது டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்புகளை இதுவே திறக்கட்டுமா என்று கேட்கும். கணக்கர் கணினியில் வேண்டாம் என்று விடுங்கள், மற்ற ஒன்பதிலும் டிக் செய்யுங்கள்.